அத்தியாயம் 7: நடத்துபவர் ஆட வரும்போது

சின்ன ஊர்களில் மேசைக் கதை விளையாட்டை நடத்தத் தெரிந்தவர் பெரும்பாலும் ஒருவர்தான் இருப்பார். விதிப் புத்தகத்தை வாங்கியவர் அவர். இருபது முகப் பகடை அவர் பையில்தான் இருக்கும். கதையை யோசிப்பது, வரைபடம் போடுவது, வாட்ஸ்அப் குழுவில் எல்லோரையும் நச்சரித்து ஞாயிற்றுக்கிழமை வரவழைப்பது எல்லாம் அவர் வேலை. அவருக்குக் காய்ச்சல் வந்தால் அந்த வாரம் ஆட்டம் இல்லை. அவர் வேலை மாறி ஓசூருக்கோ பெங்களூருக்கோ போய்விட்டால் குழுவே கலைந்துவிடும்.

தருமபுரி போன்ற ஓர் ஊரில் இந்த விளையாட்டு நிலைக்க வேண்டுமென்றால் இரண்டாவதாக ஒருவர் நடத்தக் கற்றுக்கொள்ள வேண்டும். அவர் கற்றுக்கொள்வது நீங்கள் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள் என்பதைவிட, அவர் முதன்முறை நடத்தும்போது எதிரே உட்கார்ந்து நீங்கள் எப்படி ஆடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இதுவரை வந்த அத்தியாயங்கள் கதை நடத்துபவருக்கானவை. இந்த அத்தியாயம், அதே ஆள் நாற்காலி மாறி உட்காரும் நாளுக்கானது.

தொடக்கமே அப்படித்தான்

இந்த வகை விளையாட்டின் தொடக்கமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 1974-இல் வெளிவந்தது. உருவாக்கியவர்கள் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும். அச்சுக்குப் போவதற்கு முன்பே கைகாக்ஸ் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனிவா என்ற சிற்றூரில், தன் வீட்டிலேயே கிரேஹாக் என்ற கற்பனை உலகத்தில் ஆட்டம் நடத்திவந்தார். அவருக்கும் ஆடிப் பார்க்க ஆசை. அதனால் ராப் குன்ட்ஸ் என்ற இளைஞரைத் தன்னோடு சேர்த்து நடத்துபவர் ஆக்கினார். குன்ட்ஸ் நடத்திய ஆட்டங்களில் கைகாக்ஸ் ஆடிய மந்திரவாதிதான் மார்டென்கைனன். இன்றைக்கும் அந்த விளையாட்டின் மந்திரங்கள் சிலவற்றில் அந்தப் பெயர் இருக்கிறது.

கைகாக்ஸ் பிறந்தது 1938-இல், குன்ட்ஸ் பிறந்தது 1955-இல். பதினேழு வயது இளையவர் முன்னால், தானும் சேர்ந்து வடிவமைத்த விளையாட்டில் ஓர் ஆட்டக்காரராக உட்கார்ந்தார் கைகாக்ஸ். உலகமெங்கும் இன்று இது ஆடப்படுகிறதென்றால், உருவாக்கியவர்களில் ஒருவர் தன் நாற்காலியை இன்னொருவருக்குக் கொடுத்ததற்கும் அதில் பங்கு உண்டு.

ஆட்டத்துக்கு முன்னால்

நடத்துபவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. பாத்திரம் உருவாக்கச் சொன்னால் பத்துப் பக்கத்துக்கு முன்கதை எழுதிக்கொண்டு வருவார்கள். காணாமல் போன தம்பி, பழிவாங்கத் துடிக்கும் சித்தப்பா, ரகசியக் குழு என்று அதில் ஒரு தனி நாவலே இருக்கும். புதிதாக நடத்துபவர் அதைப் படித்து மிரண்டுபோவார். இத்தனை நாள் இத்தனை பேருக்குக் கதை சொன்னவர் கேட்கிறாரே என்று அவ்வளவையும் தன் கதைக்குள் திணிக்கப் பார்ப்பார். மற்றவர்களுக்கு இடம் குறைந்துபோகும்.

ஐந்து வரி போதும். யார், எந்த ஊர், என்ன வேண்டும், எதற்குப் பயம், இந்தக் குழுவோடு ஏன் போகிறார். கடைசிக் கேள்விக்கு விடை இல்லாத பாத்திரத்தைக் கொண்டுவராதீர்கள். "என் ஆள் யாரோடும் சேர மாட்டான்" என்று சொன்னால், அவனைச் சேர்த்துவைக்கும் வேலை நடத்துபவர் தலையில் விழும். அது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்குத் தெரியும்.

முன்கூட்டியே ஒரு போன் போடுங்கள். "தம்பி, இது எந்த மாதிரிக் கதை? சண்டை அதிகமா, பேச்சு அதிகமா? யாரும் எடுக்காத பாத்திரம் எதாவது இருந்தா நான் எடுத்துக்கறேன்" என்று கேளுங்கள். நாளும் நேரமும் அவர் சொன்னபடியே வைத்துக்கொள்ளுங்கள். அரூரிலிருந்தும் பென்னாகரத்திலிருந்தும் பஸ் ஏறி வருகிறவர்கள் கடைசி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும். ஆட்டம் எத்தனை மணிக்கு முடிய வேண்டும் என்று முதலிலேயே அவரிடம் நினைவுபடுத்துவது நீங்கள் செய்யக்கூடிய நல்ல உதவி. உங்களிடம் இருக்கும் பகடைகளையும் பென்சில்களையும் கூடுதலாகக் கொண்டுபோங்கள். விதிப் புத்தகத்தைப் பையிலேயே வைத்திருங்கள், மேசைமேல் பரப்பாதீர்கள்.

விதிகள்: எதை விடலாம், எதைச் சொல்லலாம்

ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். புதிதாக நடத்தும் தம்பி கதையை ஒகேனக்கல்லில் தொடங்குகிறார். காவிரி பாறைகளுக்கு நடுவே இரைந்து ஓடுகிறது. குழுவில் ஒரு பெண்ணின் பாத்திரம் பரிசல் ஓட்டி. பின்னால் துரத்தி வருகிறவர்களிடமிருந்து தப்ப, சுழலுக்கு நேராகவே பரிசலை விடுகிறார். பகடையை உருட்டுகிறார். இருபது விழுகிறது. மேசையே கத்துகிறது. தம்பி எழுந்து நின்று, "இருபது! நேரா அக்கரைக்கே போய்ட்டீங்க!" என்கிறார்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2014 பதிப்பின் விதிப்படி, இருபது விழுந்தால் தானாகவே வெற்றி என்பது தாக்குதல் உருட்டலுக்கு மட்டும்தான். பரிசல் ஓட்டுவது போன்ற திறன் சோதனைக்குக் கிடையாது. உங்களுக்கு அது மனப்பாடம். இப்போது அதைச் சொன்னால் என்ன ஆகும்? பரிசல் ஓட்டிய பெண்ணின் முகம் வாடும், தம்பி புத்தகத்தைப் புரட்டுவார், பத்து நிமிடம் போகும். அந்தக் குழு மாதக்கணக்கில் பேசிச் சிரித்திருக்கக்கூடிய ஒரு காட்சி, விதி விளக்கமாகச் சுருங்கிவிடும். எல்லோரோடும் சேர்ந்து கைதட்டுங்கள். அன்றைக்கு அந்த மேசையில் அதுதான் விதி.

இன்னொரு காட்சி. பாறையில் மோதி ஒருவரின் பாத்திரத்துக்கு ஹிட் பாயின்ட், அதாவது உயிர்ப் புள்ளி, பூஜ்யம் ஆகிறது. தம்பி கலங்கிப்போய், "அப்போ செத்துட்டார்" என்கிறார். இங்கே நீங்கள் பேச வேண்டும். அதே விதியின்படி பூஜ்யத்துக்கு வந்த பாத்திரம் பொதுவாக உடனே சாவதில்லை. அது மயங்கி விழும். அதன்பின் தன் முறை வரும்போதெல்லாம் உயிர்தப்பும் உருட்டல் போடும். மூன்று வெற்றி சேர்ந்தால் உயிர் நிலைக்கும், மூன்று தோல்வி சேர்ந்தால் மரணம். ஒருவர் ஆசையாக வளர்த்த பாத்திரம் விதி தெரியாத காரணத்தால் சாகக் கூடாது. அதையும் கேள்வியாகவே கேளுங்கள். "தம்பி, இதுக்கு உயிர்தப்பும் உருட்டல் உண்டா, இல்ல உன் கதையில வேற மாதிரியா?" அவர் எதைச் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

ஆக, அளவுகோல் எளிமையானது. தவறான விதியால் யாருக்கும் நஷ்டம் இல்லையென்றால் விட்டுவிடுங்கள். இன்னொரு ஆட்டக்காரருக்குப் பெரிய நஷ்டம் என்றால் ஒரே ஒரு முறை, ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். நஷ்டம் உங்கள் பாத்திரத்துக்கு மட்டும் என்றால் ஆட்டம் முடியும்வரை வாயைத் திறக்காதீர்கள்.

மேசையில் சந்தேகம் வந்ததும் எல்லோர் கண்ணும் பழக்கத்தில் உங்கள் பக்கம் திரும்பும். "அண்ணா, இதுக்கு என்ன ரூல்?" என்று உங்களைத்தான் கேட்பார்கள். பதில் தெரிந்தாலும் உடனே சொல்லாதீர்கள். "இன்னிக்கு அவன்தான் நடத்தறான், அவனக் கேளு" என்று சொல்லிவிட்டு நீங்களும் அவர் பக்கம் பாருங்கள். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்தால் மேசையின் பார்வை அவர் பக்கம் திரும்பிவிடும்.

தெரிந்ததை என்ன செய்வது

கதை தகடூருக்குள் நுழைகிறது என்று வைத்துக்கொள்வோம். சங்க காலத்தில் இன்றைய தருமபுரிக்கு அதுதான் பெயர். அதியமான் நெடுமான் அஞ்சியின் கோட்டையைச் சேர மன்னன் பெருஞ்சேரல் இரும்பொறை முற்றுகையிட்டிருக்கிறான். நடத்துபவர் உங்களுக்குக் கொடுத்திருப்பது கோட்டைக் காவலன் ஒருவனின் பாத்திரம். இதே முற்றுகையை நீங்கள் இரண்டு வருடத்துக்கு முன் நடத்தியிருக்கலாம். பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் அரிசில்கிழார் பாடிய சேரன், தகடூரை வென்றதாலேயே "தகடூர் எறிந்த" என்ற அடைமொழி பெற்றவன் என்பது உங்களுக்குத் தெரியும். கோட்டை விழப்போகிறது. உங்கள் காவலனுக்கோ அது தெரியாது.

பழக்கம் உங்களை எங்கே இழுக்கும்? தப்பிக்கும் வழியைத் தேடச் சொல்லும். "ராத்திரியோட ராத்திரியா வெளிய போயிடலாம்" என்று குழுவைத் திருப்பச் சொல்லும். அப்படிச் செய்தால் நடத்துபவர் எழுதிவைத்த முற்றுகை முதல் நாளிலேயே வீணாகிவிடும்.

தெரிந்ததை எதிர்த்திசையில் பயன்படுத்துங்கள். கோட்டை விழாது என்று உறுதியாக நம்பும் காவலனாக ஆடுங்கள். அறுவடைக்கு வீட்டுக்கு வந்துவிடுவேன் என்று மகளுக்குச் சொல்லி அனுப்புங்கள். மதிலில் உடைந்த கல்லை மாற்றி வையுங்கள். முடிவை அறிந்த நீங்கள் அறியாதவனாக ஆடும்போது அந்தக் காட்சிக்குக் கனம் கூடும். வரலாறு தெரிந்த ஆட்டக்காரர் மேசைக்குத் தரக்கூடிய பெரிய கொடை இது. ஒருவேளை நடத்துபவர் வரலாற்றை மாற்றிக் கோட்டையைக் காப்பாற்றினால், "அப்படி நடக்கலயே" என்று சொல்லாதீர்கள். அது அவருடைய தகடூர்.

தெரிந்தது பயன்பட வேண்டிய இடமும் உண்டு. காட்டுப் பாதையில் ஒரு நடுகல் தென்படுகிறது என்று நடத்துபவர் சொல்கிறார். தருமபுரி வட்டாரத்தில் வட்டெழுத்துப் பொறித்த நடுகற்கள் ஏராளம். கவர்ந்துபோன மாடுகளை மீட்கும் சண்டையில் இறந்த வீரர்களுக்கு நட்டவை பல. அந்தக் கல் ஒரு துப்பு என்று உங்களுக்கு உடனே புரிகிறது. மற்றவர்கள் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். அப்போது நடத்துபவரைப் பார்த்து, "என் காவலனுக்கு இந்த எழுத்து படிக்கத் தெரியுமா?" என்று கேளுங்கள். தெரியும் என்றால் படியுங்கள். தெரியாது என்றால், குழுவில் படித்த பாத்திரம் எதுவோ அதைக் கூப்பிட்டு, "புலவரே, இதுல என்னமோ எழுதியிருக்கு, கொஞ்சம் பாருங்க" என்று காட்டுங்கள். துப்பு கிடைக்கும், கண்டுபிடித்த பெருமை இன்னொருவருக்குப் போகும்.

நடத்துபவரின் உத்திகளும் உங்கள் கண்ணுக்குத் தெரியும். இடது பாதையில் போனாலும் வலது பாதையில் போனாலும் அதே சத்திரம்தான் வரப்போகிறது என்று ஊகித்துவிடுவீர்கள். நீங்களும் அதைச் செய்தவர்தான். ஊகித்ததைப் பக்கத்தில் இருப்பவரிடம் கிசுகிசுக்காதீர்கள். சிரிக்கவும் வேண்டாம். அவர் சத்திரத்தைத் தயார்செய்ய ஒரு மாலை முழுவதும் செலவழித்திருக்கிறார். சத்திரத்துக்குள் போங்கள்.

கட்டியங்காரனிடம் கற்க வேண்டியது

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவைப் பார்க்காதவர்கள் குறைவு. பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவு விடியவிடியக் கூத்து, கடைசி நாள் துரியோதனன் படுகளம். கூத்தில் ஒவ்வொரு வேஷமும் நுழையும் விதத்தைக் கவனித்துப் பாருங்கள். இரண்டு பேர் திரை பிடித்து நிற்பார்கள். திரைக்குப் பின்னால் சலங்கைச் சத்தம். கட்டியங்காரன் முன்னால் வந்து, வந்திருப்பது யார், எந்த நாடு, என்ன பெருமை என்று கேட்பான். வேஷக்காரர் பாட்டாலும் வசனத்தாலும் பதில் சொல்வார். கட்டியங்காரன் கேட்கக் கேட்கத்தான் ராஜா ராஜாவாக ஆகிறார். கூத்து முழுக்கக் களத்தில் இருப்பவன் கட்டியங்காரன். கதையெல்லாம் தெரிந்தவன். ஆனால் கதை அவனைப் பற்றியதல்ல.

நீங்கள் ஆட உட்காரும்போது எடுக்க வேண்டிய இடம் இதுதான். மேசையில் பேசாமல் இருப்பவரைக் கண்டுபிடிப்பது நடத்துபவருக்கே உரிய பழக்கம். அந்தப் பழக்கத்தை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். வித்தியாசம் என்னவென்றால், இப்போது அதை உங்கள் பாத்திரத்தின் வாயால் செய்ய வேண்டும்.

புதிதாக வந்த ஒரு மாணவி அரைமணி நேரமாகப் பகடையை உருட்டிக்கொண்டு சும்மா இருக்கிறார். அவருடைய பாத்திரம் மலைமேல் வளர்ந்த மூலிகைப் பெண். நடத்துபவர் பார்வை வேறு பக்கம். இரவு, குழு நெருப்பு மூட்டி உட்கார்ந்திருக்கும் காட்சி. "என் காவலன் கால்ல முள் குத்தியிருக்கு. மூலிகைக்காரி பக்கத்துல போய் உக்காந்து, 'தாயி, உங்க மலையில இதுக்கு என்ன போடுவீங்க?'ன்னு கேக்கறான்" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அவர் யோசிக்கட்டும். நாலு நொடி மௌனம் வந்தால் அதை நிரப்பாதீர்கள். அவர் ஒரு இலையின் பெயரைச் சொல்வார், அல்லது, "எங்க பாட்டிதான் சொல்லிக்கொடுத்தாங்க" என்று ஆரம்பிப்பார். அந்தப் பாட்டியை நடத்துபவர் பிடித்துக்கொண்டால் அடுத்த வாரக் கதையே அங்கிருந்து கிளம்பலாம்.

இதில் ஓர் எல்லை உண்டு. கேள்வி கேட்பது உங்கள் வேலை. பதில் சொல்லிக் கொடுப்பது இல்லை. "நீங்க இந்த மந்திரத்தப் போடலாம்ல?" என்று அவர் தாளைப் பார்த்து யோசனை சொன்னால் அவர் கையிலிருந்து ஆட்டத்தைப் பிடுங்கிவிட்டீர்கள் என்று பொருள். கேட்டால் மட்டும் சொல்லுங்கள். அப்போதும் ஒரு வழிக்குப் பதில் இரண்டு வழிகளைச் சொல்லித் தேர்வை அவரிடம் விடுங்கள்.

அடக்கமும் அளவோடு

இதையெல்லாம் படித்துவிட்டுச் சிலர் ஊமைபோல் உட்கார்ந்துவிடுவார்கள். அதுவும் நடத்துபவரை வதைக்கும். அனுபவமுள்ளவர் சும்மா இருந்தால், கதை பிடிக்கவில்லை போலிருக்கிறது என்றுதான் புதியவர் நினைப்பார். உங்களுக்கும் ஆசை உண்டு, ஆடத்தான் வந்திருக்கிறீர்கள். ஆசைப்பட்டதைச் செய்யுங்கள், தோற்றுப்போங்கள், சிரியுங்கள், உங்கள் பாத்திரத்துக்கு அடிபடட்டும்.

கதை நகர உதவும் வழிகள் இவை:

நடத்துபவர் ஒரு துப்பை முன்னால் வைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள். கிழவி வந்து, "என் மாட்டக் காணோம் சாமி" என்று அழுதால், மாட்டைத் தேடிப் போவதுதான் அன்றைய கதை.

எந்த வழியில் போவது என்று குழு விவாதித்துக்கொண்டே இருந்தால், சின்னதாக ஒன்று செய்யுங்கள். "என் காவலன் கதவு பக்கம் போய்க் காது வெச்சுக் கேக்கறான்" என்றால் போதும். கதவை உதைத்துத் திறக்காதீர்கள். அது எல்லோருக்குமான முடிவு.

நடத்துபவர் கைக்கு வேலை அதிகம். யார் யாருக்கு எப்போது முறை என்று எழுதிவைப்பது, வந்துபோன பாத்திரங்களின் பெயர்களைக் குறிப்பது, போன வாரக் கதையைச் சுருக்கிச் சொல்வது ஆகியவற்றில் ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். முதலில் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

குறுக்கிட வேண்டிய நேரம்

ஒன்றில் மட்டும் தயங்காதீர்கள். மேசையில் யாராவது புண்பட்டால் நடத்துபவர் கவனிக்கும்வரை காத்திருக்கக் கூடாது. சாதிப் பெயரை வைத்துக் கிண்டல், ஒரு பெண்ணின் பாத்திரத்தை விடாமல் சீண்டுவது, உடலை ஏளனம் செய்வது ஆகியவை நம் ஊரில் விளையாட்டாகவே நுழைந்துவிடும். "கதையில்தானே" என்று சமாதானமும் கூடவே வரும். ஜான் ஸ்டாவ்ரோபுலோஸ் என்ற வடிவமைப்பாளர் எக்ஸ் அட்டை என்ற எளிய முறையை உருவாக்கினார். எக்ஸ் என்று எழுதிய அட்டை மேசை நடுவே இருக்கும். யாருக்குச் சங்கடமாக இருந்தாலும் அதைத் தொடலாம், காரணம் சொல்லத் தேவையில்லை, அந்தக் காட்சியை எல்லோரும் அதோடு விட்டுவிடுவார்கள்.

அந்த அட்டையை வைக்கலாமா என்று ஆட்டத்துக்கு முன்பே நடத்துபவரிடம் கேளுங்கள். வைத்தால், முதலில் தொடுகிறவர் நீங்களாக இருங்கள். மூத்தவர் தொட்டால் இளையவர்களுக்குத் தயக்கம் போகும். அட்டை இல்லையென்றால், "இது வேண்டாம், அடுத்த காட்சிக்குப் போலாம்" என்று நேராகச் சொல்லுங்கள். உங்கள் பெயருக்கு அந்த மேசையில் இருக்கும் மரியாதை இதற்குத்தான் பயன்பட வேண்டும்.

ஆட்டம் முடிந்த பிறகு

டீ வருகிறது. புதிதாக நடத்தியவர் உங்களைப் பார்க்கிறார். "எப்படிண்ணா இருந்துச்சு?" என்று கேட்கிறார். இந்தக் கேள்விக்குப் பின்னால் ஒரு வாரத் தூக்கம் கெட்டிருக்கிறது.

"சூப்பர்" என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை அவர் நம்ப மாட்டார். பட்டியல் போட்டுக் குறை சொல்லாதீர்கள், அவர் மறுபடி நடத்த மாட்டார். உங்களுக்குப் பிடித்த ஒரு காட்சியை எடுத்து, ஏன் பிடித்தது என்று விளக்கமாகச் சொல்லுங்கள். "அந்தக் கிழவி மாட்டுக்குப் பேர் வெச்சிருந்தா பாரு, அங்கதான் எனக்கு அந்த மாட்ட எப்படியாவது கண்டுபிடிக்கணும்னு ஆயிடுச்சு." இப்படிச் சொன்னால் எது வேலை செய்தது என்று அவருக்குத் தெரியும், அடுத்த முறை அதைத் தெரிந்தே செய்வார்.

குறைகளை அவராகக் கேட்டால் சொல்லுங்கள், அதுவும் மறுநாள், தனியாக, ஒன்றே ஒன்று. பரிசல் காட்சியின் இருபதை அப்போது சொல்லலாம். "புத்தகத்துல வேற மாதிரி இருக்கு, ஆனா நீ செஞ்சதுதான் நல்லா இருந்துச்சு. அதையே உன் மேசைக்கு விதியா வெச்சுக்கயேன்." உங்கள் ஆட்டத்தோடு எதையும் ஒப்பிடாதீர்கள். "நான் நடத்துனப்போ" என்று தொடங்கும் எந்த வாக்கியத்தையும் முழுங்கிவிடுங்கள்.

கிளம்பும் முன் ஒருமுறை பார்த்துக்கொள்ள

• என் பாத்திரம் குழுவோடு போவதற்கு ஒரு காரணம் இருக்கிறதா?
• யாருக்கும் நஷ்டமில்லாத தவறுகளை விட்டுவிடத் தயாரா?
• எனக்குத் தெரிந்ததும் என் பாத்திரத்துக்குத் தெரிந்ததும் வேறு என்பது நினைவிருக்கிறதா?
• இன்று யாரிடம் ஒரு நல்ல கேள்வி கேட்கப்போகிறேன்?
• நடத்துபவர் வைக்கும் முதல் துப்பை எடுத்துக்கொள்வேனா?
• முடிந்ததும் சொல்ல, பிடித்த காட்சி ஒன்றைக் கவனித்து வைப்பேனா?

கூத்தில் சின்ன வேஷம் கட்டத் தொடங்கிய பிள்ளைகள்தான் பின்னாளில் பெரிய வேஷத்துக்கும் வாத்தியார் இடத்துக்கும் வருகிறார்கள். அவர்கள் தடுமாறிய ராத்திரிகளில் தாங்கிப் பிடித்த மூத்தவர்கள் இருந்ததால்தான் ஒரு ஜமா, அதாவது கூத்துக் குழு, தலைமுறை தாண்டி ஆடுகிறது. உங்கள் மேசைக்கும் அதே கணக்குத்தான். நீங்கள் எவ்வளவு நன்றாக ஆடினீர்கள் என்பதை அன்றைய கைதட்டலை வைத்து முடிவு செய்யாதீர்கள். அடுத்த மாதம், "வர்ற ஞாயிறு யார் நடத்தறது?" என்ற கேள்வி குழுவில் வரும்போது உங்களைத் தவிர இன்னும் இரண்டு பேர் "நான்" என்று சொன்னால், நீங்கள் நன்றாக ஆடியிருக்கிறீர்கள்.